மலையகத்தில் வாழ மோசமான ஊர் எது? ஏழு ஊரில் குடியிருந்தவன் சொல்வது

போன தை மாதம் கொட்டகலையில் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் ராத்திரி சமையல் கொட்டகைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். பெண்ணின் தம்பி, என் மருமகன், ஆசிரியர் நியமனம் கிடைத்து லுணுகலைக்குப் போக வேண்டியவன். "மாமா, லுணுகலை எப்படி? இருக்கலாமா?" என்று அவன் என்னைத்தான் கேட்டான். பதில் சொன்னது வேறு ஆட்கள்.

"அத விட மோசமான ஊரு மலையகத்துலயே கெடையாது" என்றார் ஹாலி எலவிலிருந்து வந்திருந்த சித்தப்பா.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. "ஏன், ஹட்டன்ல வந்து ஒரு மழைக்காலம் இருந்து பாருங்க" என்றான் மச்சான் ஒருவன். நுவரெலியாவில் வாக்கப்பட்ட அத்தை, அந்தக் குளிரில் முப்பது வருசம் சட்டி கழுவிய கையை நீட்டிக் காட்டினார். கண்டியில் வீட்டு வாடகை, நாவலப்பிட்டியில் வெள்ளம், பதுளையில் வெயில், மஸ்கெலியாவில் பஸ் என்று ஆளுக்கு ஒரு வழக்கு. டித்வா புயல் அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. இலங்கை முழுக்க 600க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலை சரிந்து புதைந்தவர்கள் ஏராளம். ரயில் பாதை பல இடங்களில் அறுந்து கிடந்ததால் பதுளைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பஸ்ஸில்தான் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். அதனால் வழக்கமாக இந்தப் பேச்சில் இருக்கும் கேலி அன்றைக்கு இல்லை. ஒவ்வொருவரும் தன் ஊரில் பட்டதை நினைத்துக்கொண்டு பேசினார்கள்.

கடைசியில் மாப்பிள்ளை வீட்டுப் பாட்டி ஒருவர், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்துக்காரர், கத்தியை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊரு என்னாய்யா செஞ்சுச்சு? ராத்திரில புள்ளைக்கு வலிப்பு வந்தா ரோட்டுக்கு எறங்கி வர எம்புட்டு நேரமாகும்னு கேளுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

நான் தபால் சேவையில் 22 வருசமாக இருக்கிறேன். கினிகத்தேனை, நுவரெலியா, பண்டாரவளை, மஸ்கெலியா, பசறை, பதுளை, இப்போது ஹட்டன். ஏழு ஊரிலும் வாடகை வீடு, கூடவே இழுப்பு நோய் (ஆஸ்துமா) உள்ள அம்மா. அந்தப் பாட்டி சொன்னதுக்கு மேலே எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வெங்காயம் முடிந்துவிட்டதால் அன்றைக்குச் சொல்லவில்லை. மருமகனுக்கும், மாற்றலாகிப் புது ஊருக்குப் போகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த வாதத்தில் பாதிப் பேர் தாங்கள் போன மாதத்தை வைத்துக்கொண்டு ஊரை ஏசுகிறார்கள். மலையகத்தில் இரண்டு மழை இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் அப்போது நனைந்து ஊறும். அதே ஜூலை மாதம் ஹப்புத்தளைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வானம் நீலமாக இருக்கும். வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வறண்ட காற்று தூசியை அள்ளி வீசும். அந்தப் பக்கத்துக்கு மழை வருவது வருசக் கடைசியில், வடகீழ்ப் பருவத்தில். பசறையும் லுணுகலையும் கலங்குவது நவம்பர், டிசம்பர், ஜனவரியில். ஓகஸ்டில் பசறையைப் பார்த்துவிட்டு "அருமையான ஊர்" என்பவரும், ஜூனில் வட்டவளையைப் பார்த்துவிட்டு "மனுசன் இருப்பானா" என்பவரும் ஊரைப் பார்க்கவில்லை. ஆளை வாட்டுகிற அந்த வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுகிறது என்பதைத் தோட்டத்தில் பிறந்த யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை.

அதனால் என் முதல் வழக்கம்: வீடு பார்ப்பதென்றால் அந்த ஊருக்கு எந்த மாதம் கெட்ட மாதமோ அந்த மாதத்தில் பார்ப்பேன். முடியாவிட்டால், கெட்ட மாதத்தில் என்ன நடந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்பேன். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பிரயோசனமில்லை.

இதை நான் கினிகத்தேனையில் கற்றுக்கொண்டேன், வேண்டிய விலை கொடுத்து. பெப்ரவரியில் வீடு பார்த்தேன். பள்ளமான இடம், பின்னால் பெரிய பலா மரம், வாசலில் செவ்வரத்தை. வெயில் அடித்தது, அம்மாவுக்கும் பிடித்துப்போனது. மே கடைசியில் மழை தொடங்கியது. பக்கத்து வட்டவளை இந்த நாட்டிலேயே ஆகக் கூடுதலாக மழை பெய்கிற இடங்களில் ஒன்று, வருசத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல். கினிகத்தேனையும் அதே மேகத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஒரு கிழமைக்குள் அலமாரியில் இருந்த சப்பாத்துகளில் பச்சை பூத்தது. உப்பு தண்ணீராக ஓடியது. நெருப்புக்குச்சி பற்றவில்லை. துணியை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைத்தோம். மகள் பள்ளிக்கூடம் போகும்போது சீருடையில் புகை மணக்கும்.

வேலை செய்யும் இடத்திலும் அதே கதை. தபாலகத்தில் முத்திரைத் தாள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விற்காமலே பசை பிடித்துப்போன முத்திரைக்கு யார் கணக்குச் சொல்வது? என்னோடு வேலை செய்த மூத்த தபாலதிபர் ஒருவர் தாள்களுக்கு நடுவில் மெழுகுக் காகிதம் வைக்கக் கற்றுக்கொடுத்தார். உறைகள் தாமாகவே வாய் மூடிக்கொள்ளும். கடிதங்களைப் பிரிக்கும்போது விரலில் மை ஒட்டும்.

அம்மாவின் இழுப்பு அங்கேதான் முற்றியது. ஈரச் சுவரும் பூஞ்சணமும் இழுப்புக்காரர்களுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத விசயம் ஒன்று உண்டு. எங்கள் வீட்டிலிருந்து இருநூறு மீற்றர் மேலே, மேட்டில், ஒரு வீடு இருந்தது. வாடகை கொஞ்சம்தான் கூட. காலை வெயில் நேரே முன் சுவரில் விழும். அந்த வீட்டில் துணி காய்ந்தது. அங்கே குடியிருந்தவரிடம் கேட்டால் கினிகத்தேனை நல்ல ஊர் என்பார். எனக்கோ அது அம்மாவின் நெஞ்சைக் கெடுத்த ஊர். ஒரே ஊர், ஒரே மழை.

அதிலிருந்து, வீடு பார்க்கப் போனால் கட்டிலும் அலமாரியும் இருக்கும் சுவரின் பின்பக்கம் கை வைத்துப் பார்ப்பேன். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்காமல் முற்பணம் கொடுப்பதில்லை.

அப்புறம் நுவரெலியா. இந்த ஊரைப் பற்றி வெளியாட்கள் எழுதுவதெல்லாம் பூவும் குதிரைப் பந்தயமும்தான். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியும்போது புல்மேல் வெள்ளைப் பனி உறைந்து கிடக்கும். நான் ஆசையாக நட்ட மிளகாய்க் கன்றுகள் ஒரே ராத்திரியில் கருகிப்போயின. குளிரைத் தாங்கிக்கொள்ளலாம். நான் தாங்காதது ஏப்ரல் மாதம். வசந்த காலம் என்று ஊர் முழுக்கக் கூட்டம் வரும். மரக்கறி, வாடகை, ஓட்டோ எல்லாம் ஏறிவிடும். இரண்டாவது வருசம் மார்ச் நடுவில் வீட்டுக்காரர் வந்து, "ஏப்ரல் மட்டும் முன் ரெண்டு காம்பராவையும் ஒதுக்கிக் குடுங்க, வர்றவங்களுக்குக் குடுக்கணும்" என்றார். நாங்கள் மாத வாடகை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒரு மாதத்து வாடகையை அவர் நான்கே நாளில் எடுத்துவிடுவார், அதுதான் கணக்கு. பதினைந்து நாள் நாங்கள் ஐந்து பேரும் பின் அறையில் படுத்தோம். யாரோ முன் அறையில் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்க, மகள் பின்னால் பரீட்சைக்குப் படித்தாள்.

அந்த மனுசனைத் திட்ட நான் இதை எழுதவில்லை. ஆனால் கேட்டால் சொல்வேன்: நான் திரும்பக் குடியிருக்க விரும்பாத ஊர் நுவரெலியாதான். சொந்த வீடு இருப்பவருக்கு அது வேறு ஊர். சுற்றுலா வளர்கிற இடத்தில் வாடகைக்குப் போகிறவர், இப்போது எல்லவுக்கும் இது பொருந்தும், ஒப்பந்தத்தில் "வருசம் முழுவதும், முழு வீடும்" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

பண்டாரவளையைக் கேட்டால் எல்லோரும் நாட்டிலேயே நல்ல காலநிலை என்பார்கள். உண்மை. குளிரும் இல்லை, வெயிலும் இல்லை, அம்மா அங்கே மருந்தில்லாமல் மாதக்கணக்கில் நடமாடினார். நான் போனது 2013இல். அடுத்த வருசக் கடைசியில் உமா ஓயா ஆற்றுநீர்த் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் இறங்கத் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது, 2017இல் ஊரே தெருவில் இறங்கியது. காலநிலை நல்லது என்று பெயரெடுத்த ஊரில் தண்ணீருக்குப் பவுசர் எதிர்பார்த்து வாளி வரிசை. எங்கள் பக்கம் கிணறு வற்றவில்லை, ஆனால் குழாயில் தண்ணீர் கிழமைக்கு இரண்டு நாள்தான். ஊரின் பெயரை வைத்து யாரும் தாகம் தீர்க்க முடியாது. "ஓகஸ்ட்ல தண்ணி எங்கிருந்து எடுப்பீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி. பீலியா, கிணறா, குழாயா, பவுசரா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நல்லது. குடம் தூக்குவது அவர்கள்தான்.

நான் பண்டாரவளையில் இருந்தபோதுதான் மீரியபெத்தை மண்சரிவு நடந்தது. 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, லயங்களை, மலை வந்து மூடியது. ஆபத்தான இடம், ஆட்களை அப்புறப்படுத்த வேண்டும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்த இடம் அது. நாங்கள் சில பேர் சேர்ந்து அரிசியும் போர்வையும் கொண்டுபோனோம். பாடசாலையில் தங்கியிருந்தவர்களில் ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு, நான் தபாலகத்துக்காரன் என்று தெரிந்து, கேட்டார்: "எங்க லயத்துக்கு வர்ற கடுதாசிய இனிமே எங்க போடுவீங்க தம்பி?" அவருடைய மகன் கொழும்பில் கடையில் நின்றான். நான் பாடசாலையின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். அதைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

முகவரி. நான் இந்த வேலையில் கண்ட மிகப் பெரிய குறை இதுதான், எந்த ஊர் மோசம் என்கிற பேச்சில் ஒருவரும் இதை எடுப்பதில்லை. ஒரே தோட்டத்தில், ஒரே மேற்பிரிவில் ஐந்து லெட்சுமி, நான்கு செல்வராஜ். லயத்துக்கு இலக்கம் இருந்தால் காம்பராவுக்கு இல்லை. வீட்டுக்கென்று ஒரு முகவரி இல்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். கடிதம் தோட்டத்து அலுவலகத்தில் இறங்கி, அங்கிருந்து யார் கையிலோ போய்ச் சேரும். ஒரு பையனின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து ஒன்பது நாளுக்குப் பிறகு அவன் கைக்குக் கிடைத்தது. உறையோடு வந்து என் முன்னால் நின்றான். எங்கள் முத்திரையில் திகதி சரியாக இருந்தது, நாங்கள் அனுப்பியதும் சரியாக இருந்தது. நடுவில் மூன்று கிலோமீற்றர். அவன் என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த மூன்று கிலோமீற்றரை நானே ஒரு ராத்திரி மஸ்கெலியாவில் அனுபவித்தேன்.

மஸ்கெலியா டவுன் உண்மையில் புது டவுன். பழைய ஊர் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் 1969இல் போய்விட்டது. நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் சுவர்கள் தலைகாட்டும், கிழவர்கள் கரையில் நின்று இது எங்கள் கடை, இது எங்கள் தெரு என்று காட்டுவார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே பௌர்ணமி வரை சிவனொளிபாதமலைக்குப் போகிற வண்டிகள். மற்ற மாதங்களில் மாலை ஆனால் பஸ்ஸைத் தேட வேண்டும். டவுனில் வீடு கிடைக்காமல் நாங்கள் தோட்டத்து ரோட்டில் மூன்று கிலோமீற்றர் மேலே ஒரு வீட்டில் இருந்தோம். 2019இல் ஒரு ஜூன் மாத ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அம்மாவுக்கு இழுப்பு ஏறியது. பம்ப் அடித்தும் நிற்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. ஓட்டோக்காரத் தம்பி போனை எடுக்கவில்லை. அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடித்தேன்.

"முகவரி சொல்லுங்க" என்றார்கள். பதினாறு வருசமாக மற்றவர்களின் முகவரியைப் படித்துப் பிழைத்த எனக்குச் சொல்ல இலக்கம் இல்லை. தோட்டத்தின் பெயர் சொன்னேன். அதே பெயரில் மூன்று பிரிவு. கோயில் சொன்னேன், எல்லாப் பிரிவிலும் மாரியம்மன் கோயில். மழையில் போன் வேறு விட்டு விட்டுக் கேட்டது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு, சட்டைகூடப் போடாமல், கம்பளியைச் சுற்றிக்கொண்டு ரோட்டு முடக்குக்கு ஓடினான். அங்கே நின்று வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தான். அம்புலன்ஸ் வந்தது. அம்மா பிழைத்தார். இன்றைக்கும் அந்தப் பையனின் பெயரைச் சொல்லித்தான் கார்த்திகை விளக்கில் ஒன்று ஏற்றுவார்.

அடுத்த நாளே ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்: தோட்டம், பிரிவு, லயத்து இலக்கம், பிரதான வீதியில் திரும்புகிற இடத்தில் என்ன கடை, அங்கிருந்து எத்தனையாவது முடக்கு, டோர்ச்சோடு யார் நிற்பார்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதினேன், ஏனென்றால் வண்டி ஓட்டி வருகிறவருக்கு நம் ஊர்ப் பெயர்கள் தெரிந்திருக்க நியாயமில்லை. வீட்டில் நோயாளியோ, பிள்ளைத்தாச்சியோ இருந்தால் தயவுசெய்து இதை இன்றைக்கே செய்யுங்கள். ஒரு பகல் முழுதும் ஆகாது, கால் மணி நேர வேலை.

தூரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலமாக ஐந்தே பிரதேச செயலகங்கள்தான் இருந்தன. அம்பகமுவ ஒன்றில் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகமான சனம் இருந்தது. அதன் அலுவலகம் கினிகத்தேனையில். அப்போதெல்லாம் பொகவந்தலாவையில் இருந்தவர் ஒரு கையொப்பத்துக்கு ஹட்டன் வந்து, அங்கிருந்து பஸ் மாறி, கினிகத்தேனைக்குப் போய், ஐயா லீவு என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். ஒரு நாள் பேர் (தோட்டத்து வேலைப் பதிவு) போச்சு, சம்பளம் போச்சு. பொகவந்தலாவை அழகான ஊர். அழகு யாருக்கு வேண்டும், அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு?

பசறைக்கு வருகிறேன், ஏனென்றால் மருமகன் போகிற லுணுகலை அதே ரோட்டில் அடுத்த ஊர். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் அப்போது பசறையில்தான். அந்த ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு பாறை கிடந்தது ஊருக்கே தெரியும். அன்றைக்குத் தபாலகத்துக்கு வந்த எல்லோரும் யாரோ ஒருவரைத் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

மழைக்காலத்தில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் மலையைச் செங்குத்தாக வெட்டி அந்த இடத்தில் கட்டியிருந்தார், பின்னால் தடுப்புக் கட்டு எதுவும் இல்லை. பகலில் பார்த்தபோது குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்தேன். டிசம்பரில் பெய்யத் தொடங்கியதும் பயம் பிடித்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். இந்த மூன்று எண்ணையும் நான் பசறையில் மனப்பாடம் செய்தேன். நேராக நிற்கிற ஒரு பால்மா டின்னை முற்றத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் அளந்தேன். பத்து சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது 100 மில்லிமீற்றர். இதற்குப் படிப்பு வேண்டாம்.

ஒரு நாள் பின்னேரம் டின்னில் பதினொன்று இருந்தது. குசினிக் கதவு இறுகிக்கொண்டு மூடவில்லை. அது ஈரத்தில் ஊதிய பலகை என்றுதான் மனைவி சொன்னார். பின்னால் போய்ப் பார்த்தேன். எப்போதும் தெளிவாக வடிகிற ஊற்று செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த சவுக்கு மரம் முன்னைவிடச் சரிந்த மாதிரி. கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டு, அம்மாவைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போய்விட்டோம். ராத்திரி மண் இறங்கிக் குசினிச் சுவரைத் தள்ளிவிட்டது. மகளின் புத்தகங்கள் போயின, அடுப்பு போயிற்று. நாங்கள் இருந்தோம்.

வெடிப்பு விழுவது, கதவு ஜன்னல் இறுகுவது, மரமும் கம்பமும் சாய்வது, புது ஊற்று கிளம்புவது அல்லது பழைய ஊற்று கலங்குவது அல்லது திடீரென்று நிற்பது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் சிவப்பு எச்சரிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐப் போனில் போட்டு வையுங்கள். வீடு பார்க்கும்போது முன்பக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பின்னால் போய் மலையைப் பாருங்கள். டித்வாவுக்குப் பிறகு இதை யாருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் வாடகை மலிவாக இருந்தால் மனுசருக்கு மலை தெரிவதில்லை.

பதுளையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அந்த ஊருக்குப் பெருமை. 680 மீற்றர்தான் உயரம், வெயில் உறைக்கும், மலைநாட்டுக்காரர்கள் வியர்வை என்று முகம் சுளிப்பார்கள். டவுனுக்குள் வீடு, நடந்துபோகும் தூரத்தில் பெரியாஸ்பத்திரி, தெருவுக்கு இலக்கம், வீட்டுக்கு இலக்கம். என் பெயருக்கு வந்த கடிதம் என் கதவுக்கே வந்தது அங்கேதான் முதல் தடவை. அம்மா இரண்டு வருசம் ராத்திரியில் தூங்கினார். கொட்டகையில் பதுளையை மோசம் என்றவர்களுக்கு நான் வாய் திறந்து சொன்ன ஒரே மறுப்பு இதுதான்.

இப்போது ஹட்டன். ஞாயிற்றுக்கிழமையும், சம்பளம் போடுகிற பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களிலும் தெருவில் கால் வைக்க இடமில்லை, குப்பை பிரச்சினையும் இருக்கிறது, மழையும் இருக்கிறது. ஆனாலும் அந்த நெரிசல் யாருடையது என்று பார்க்க வேண்டும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மருந்துக்கு, நகைக் கடைக்கு, வங்கிக்கு, பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க இறங்கி வருகிற சனம். அவர்கள் மூன்றரை மணி பஸ்ஸுக்கு ஓடுவதை நான் கவுண்டரிலிருந்து பார்க்கிறேன். ஹட்டனை ஏசுகிறவர்கள் பெரும்பாலும் ஹட்டன் டவுனில் வீடு உள்ளவர்கள். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் கேட்டால், ஹட்டன் நல்ல ஊர், நமக்குத்தான் தூரம் என்பார்கள்.

மருமகனுக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள் சொன்னேன்: மழை விடுவதற்குள் ஒரு தடவை போ. பகலில் போய்ப் பகலில் திரும்பாதே. பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு என்று யாராவது காட்டினால் பின்பக்கம் போய்ப் பார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கடையில் கேள், அட்டவணையை நம்பாதே, நின்று பார். தண்ணீரைக் கேள். உன் சம்பளக் கடிதம் எந்த முகவரிக்கு வரும் என்று கேள்.

பெப்ரவரி முதல் கிழமை போனான். ராத்திரி எட்டு மணிக்குப் போன் எடுத்தான், பின்னால் மழைச் சத்தம்.

"மாமா, கடைசி பஸ் ஆறே காலுக்குன்னாங்க. அஞ்சே முக்காலுக்கே போயிருச்சு. சேர் ஒருத்தர் வீட்டுல தங்கியிருக்கேன்."

"வீடு?"

"ஒன்னு பாத்தேன். பின்னால மலைய வெட்டியிருக்காங்க. வேணாம்னுட்டேன். நாளைக்கு டவுனுக்குள்ள ரெண்டு பாக்கணும், ஒன்னுல வீட்டு நம்பர் இருக்காம்."